குதிரைக்குப் பூச்சி மருந்தும் ஏ.பி.சி. அனாலிசிஸும்

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஏ.பி.சி. அனாலிசிஸ் படித்திருப்பீர்கள். கிடங்கில் உள்ள சரக்கில் கொஞ்சம்தான் பெரும்பணத்தை முழுங்கும், கண்ணை அதில் வை என்பார்கள். அது குதிரைக்கும் பொருந்தும் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்!

அறை நண்பனின் அப்பா ஊட்டியில் சவாரிக் குதிரைகள் ஐந்து வைத்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் பூச்சி மருந்து. வருஷத்துக்கு 30 டோஸ். எக்ஸெல்லில் அட்டவணை போட்டுத் தரச் சொன்னார். அதென்ன இரண்டு மாதக் கணக்கு என்று தேடினேன்.

1966-ல் கென்டக்கியில் டிரட்ஜ், லயன்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சொன்ன கணக்காம். அன்றைய எதிரி, ரத்தக்குழாயைக் கெடுத்துக் குதிரையையே கொல்லும் ஸ்ட்ராஞ்சைலஸ் வல்காரிஸ் என்ற புழு. திட்டம் பலித்தது, அந்தப் புழு அரிதானது. ஆனால் காலண்டரைப் பார்த்து எல்லாக் குதிரைக்கும் ஊற்றியதில், மருந்துக்குச் சாகாத சிறு ஸ்ட்ராஞ்சைல் புழுக்கள் பெருகிவிட்டன.

இப்போது முதலில் லத்தியில் புழு முட்டை எண்ணுகிறார்கள். வளர்ந்த குதிரைகளில் சுமார் 20 சதவீதம்தான் 80 சதவீத முட்டைகளைப் போடுகிறது. அதே ஏ.பி.சி.! ஒரு கிராம் லத்தியில் 200-க்குக் கீழ் என்றால் குறைவு, 500-க்கு மேல் என்றால் அதிகம். குறைவான குதிரைக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை போதும். அதிகமானதற்குத்தான் கூடுதல் டோஸ். எடைக்கேற்ற அளவு கொடுத்து, 14 நாள் கழித்து மறுபடி எண்ண வேண்டும். முட்டை குறையவில்லையா, மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். குட்டிகளுக்கு உருண்டைப் புழு தொல்லை உண்டு, அவற்றுக்குத் தனி அட்டவணை.

"குடுக்காம விட்டா மனசு கேக்காதே தம்பி. ஒண்ணு படுத்துட்டா சீசன் போச்சு" என்றார். நியாயமான பயம். அதனால் என் அட்டவணையில் முதல் வரி மருந்து இல்லை, கால்நடை மருத்துவரிடம் லத்திப் பரிசோதனை. இரண்டாவது வரி, வாரம் இருமுறை மேய்ச்சல் இடத்து லத்தியை அள்ளுவது. அதற்குச் செலவு உடம்பு உழைப்பு மட்டும்.

ஐவர்மெக்டின் வகைக்கும் எதிர்ப்பு தலைகாட்டிவிட்டது. அதற்குப் பின் இந்தப் புழுக்களுக்குப் புது வகை மருந்து எதுவும் சந்தைக்கு வரவில்லை. மருந்தை நாம் செலவுக் கணக்கில் எழுதுகிறோம். உண்மையில் அது முதல். தின்று தீர்த்தால் திரும்ப வராது.