எண்பதில் வளைந்த இரும்பு

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மனிதர்களைப் பார்த்துச் சொன்னது அது. மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு பி.எஸ்.ஏ. எண்பது வயது வரையில் விறைப்பாக நின்றுவிட்டு, சென்ற வருஷம் ஒரு மதகுச் சுவரில் மோதி ஒரே நொடியில் வளைந்துவிட்டது.

இந்த வண்டிக்குக் கொஞ்சம் சரித்திரம் உண்டு. பர்மிங்ஹாமில் 1861-ல் துப்பாக்கி செய்ய ஏற்பட்ட கம்பெனிதான் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளுக்கு வந்த பிறகும் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னத்தை அது விடவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது எம்.20 என்ற 496 சி.சி. வண்டியை 1,20,000-க்கு மேல் செய்து பட்டாளத்துக்குக் கொடுத்தது. யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகளை 'டிஸ்போசல்' என்று விற்றார்கள். என் தகப்பனார் வாங்கியது அப்படி ஒன்று. அவருக்குப் பின் அண்ணா ஓட்டினார். அண்ணா காலமான பிறகு மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அண்ணாவின் பேரன் அதைத் துடைத்து எண்ணெய் விட்டு ஓட்டத் தொடங்கினான். அப்புறம்தான் அந்த மதகு.

பையனுக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. வண்டிக்கோ பட்டறைக்காரர்கள் 'சேஸ்' என்று சொல்லும் இரும்புச் சட்டத்தில் அடி. எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் குழாய், தலைக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாக வளைந்திருந்தது. வளைந்த இடத்தில் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது.

யோசனை சொல்லத்தான் ஊரில் ஆள் பஞ்சமில்லையே! ஒரு பட்டறைக்காரர், "பழுக்கக் காய்ச்சி நாலு தட்டுத் தட்டி, பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துவிடுகிறேன். ஜோசியனுக்குக் கூடத் தெரியாது" என்றார். இன்னொருவர் வேறு சட்டம் வாங்கி இந்த வண்டியின் நம்பரை அதில் குத்தித் தருவதாகச் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பரை வேறு இரும்பில் குத்துவது குற்றம். அதோடு, எங்கிருந்து வந்த சட்டமோ, அது எத்தனை மதகுகளைப் பார்த்ததோ, யார் கண்டார்கள்?

அண்ணி இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பேரன் ஒருவன்தான் அவளுக்கு எல்லாம். கடைசியில், "தம்பி, அழகா இருக்குமான்னு நான் கேக்கலே. ஏறினவனைத் தாங்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றாள்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் போனது பொன்மலைக்கு. 1928 முதல் அங்கே ரயில்வே பட்டறை இருக்கிறது அல்லவா? அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் கேஸ் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் சுத்தியலைத் தேடவில்லை. நூல் உருண்டையைத் தேடினார்.

நாம் பேச்சுக்கு 'நூல் பிடித்தாற்போல்' என்கிறோம். அவர் மெய்யாகவே பிடித்தார். பின்சக்கரத்தை ஒட்டி இரு பக்கமும் நூலை இழுத்து முன்சக்கரம் வரையில் கொண்டுபோனார். டயர்கள் ஒரே அகலமானதால் இரு பக்கமும் நூல் ஒன்றுபோலத் தொட வேண்டும். ஒரு பக்கம் தொட்டது; மறுபக்கம் விரல் நுழைந்தது. பிறகு சட்டத்தைத் தனியே கழற்றி, ஹாண்டில்பார் திரும்பும் தலைக்குழாயில் நீளமான கம்பி ஒன்றைச் செருகி, ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் பார்த்தார். குழாய் பின்னுக்கு மட்டும் போகவில்லை, சற்று முறுக்கியும் இருந்தது.

"தட்டி நிமிர்த்த முடியாதா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு துண்டுக் கம்பியை எடுத்து முன்னும் பின்னும் நாலைந்து தடவை வளைத்தார். படக்கென்று ஒடிந்தது. "இது கெட்டிக் கம்பி சார். அது உள்ளே வெறும் காற்று. வளைஞ்சபோதே ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் இழுபட்டு மெலிஞ்சிருக்கும். நிமிர்த்தி பட்டி பூசினா யாருக்கும் தெரியாது. ஓட்டுறவனுக்கும் தெரியாது. அதான் ஆபத்து" என்றார்.

ஆகவே குழாயையே மாற்றுவது என்று தீர்மானமாயிற்று. அக்காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் குழாய்கள் சேரும் இடங்களில், மூங்கிலுக்குக் கணு இருப்பதுபோல, கனத்த இரும்புக் கணுக்கள் இருக்கும். குழாயைக் கணுவுக்குள் செருகிப் பித்தளையை உருக்கி ஊற்றிப் பிடிக்க வைத்திருப்பார்கள். எஃகு உருகச் சுமார் 1,500 டிகிரி சூடு வேண்டும். பித்தளைக்குச் சுமார் 900 போதும். இந்த இடைவெளிதான் தொழிலாளியின் ராஜ்யம். குழாய்க்குச் சேதமில்லாமல் பித்தளையை மட்டும் இளக்கிப் பழைய குழாயை உருவிவிடலாம். நம்பர் பொறித்த பகுதியைத் தொடவே வேண்டாம்.

புதுக் குழாய் அதே பருமனில், அதே கனத்தில் வந்தது. சூட்டில் சட்டம் இழுத்துக்கொள்ளாமல் இருக்க, அதை ஒரு பழைய இரும்பு உத்தரத்தோடு போல்ட் போட்டு இறுக்கினார். வேலையைத் தொடங்கியது அந்தி மயங்கிய பிறகு. பகல் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் சரியாகத் தெரியாதாம்! மூட்டில் வெங்காரம் தூவினார். தட்டான் நகையில் பற்றுவைக்கத் தூவுகிற அதே வெங்காரம்தான். இரும்பு முதலில் கறுத்து, பிறகு கோவைப்பழமாகச் சிவந்து, அதற்கும் மேல் ஆரஞ்சு நிறத்துக்கு வந்தபோது பித்தளைக் கம்பியைத் தொட்டார். தண்ணீர் மணலில் இறங்குவதுபோல் பித்தளை இடுக்குக்குள் இறங்கியது. சூடு கொஞ்சம் மிஞ்சினால் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய்விடும், மூட்டும் பலவீனமாகும். புகை வரவில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம், தானே ஆறட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குள் காபி குடிக்கப் போனார்.

மறுநாள் நூல் இரு பக்கமும் தொட்டது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. அவருக்குப் போதவில்லை. மூட்டின்மேல் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். ரயில் சக்கரங்களையும் அச்சுகளையும் அந்தக் காலத்தில் இப்படித்தான் சோதித்தார்களாம். பொடி வெள்ளையாகவே இருந்தது.

"மூட்டுக்குப் பெயிண்ட் வேண்டாம். துரு பிடிக்காமல் எண்ணெய் மட்டும் தடவுங்க. ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்ட கேள்விக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. மண்ணெண்ணெயையும் சாக்பீஸையும் கொண்டுவந்து அவள் எதிரிலேயே சோதித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து வெகு நேரம் பார்த்தாள். "சரி, போகட்டும்" என்றாள்.

இப்போது மாதம் ஒருமுறை அந்தச் சோதனை எங்கள் வாசலில் நடக்கிறது. பையன் மறந்தாலும் அண்ணி மறப்பதில்லை. சாக்பீஸ் டப்பா அவள் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.