கிளைவின் கண்டி

வைகாசிக் கருடசேவையன்று வரதர் மார்பில் ஒளிர்ந்த மகரகண்டியைக் காட்டி, "இது யார் கொடுத்தது ஐயா?" என்றான் உடன்வந்த மாணவன். கிளைவ் என்றோம். சின்ன காஞ்சிபுரத்தில் அப்படித்தான் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

1744இல் சென்னைக்குக் கும்பினி எழுத்தராக வந்தவர்; 1751இல் ஆற்காட்டுக் கோட்டையை ஏறத்தாழ 50 நாள் காத்தவர். அதே ஆண்டில், பிரெஞ்சுப் படை தங்கியிருந்த காஞ்சிக் கோயிலொன்றின் மதிலைப் பீரங்கியால் தாக்கியவரும் அவரே. பிறகு வங்கத்து ஜாகீர், இங்கிலாந்தில் நிலபுலன், 1761 முதல் சாகும்வரை (1774) நாடாளுமன்ற உறுப்பினர் பதவி! காவலுக்கு வந்தவன் மிராசுதாரனான கதை நம் ஊர்களுக்குப் புதிதன்று.

பீரங்கியைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தோம். குடை அசைந்தது, கைகூப்பிவிட்டோம். வகுப்பிலாவது சொல்லியாக வேண்டும்.