விகடகவியைத் தப்பு என்று சொன்ன கம்ப்யூட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆனையூரில் ஒரு வீட்டு மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு பழைய லேப்டாப்கள். அதில் ஒன்று, எப்போதோ பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப். சார்ஜரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும்.

வகுப்பு எடுக்கிற அண்ணனுக்கு வயது 24. டிப்ளமோ முடித்துவிட்டு, கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் வேலை பார்க்கிறான். ஞாயிறு மட்டும் தெருப் பிள்ளைகளுக்கு பைத்தான் சொல்லித் தருகிறான். காசு வாங்குவதில்லை. கீழிருந்து அம்மா அனுப்பும் சுண்டல்தான் வகுப்புக்கான ஒரே கவர்ச்சி என்று அவனே சொல்வான்.

அன்றைக்குப் பாடம், ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல் வருகிறதா என்று கண்டுபிடிக்கும் புரோகிராம். மொத்தமே நாலு வரி. பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘மேடம்’ என்று அடித்தார்கள், ‘ஆம்’ என்று வந்தது. ‘லெவல்’ அடித்தார்கள், அதற்கும் ‘ஆம்’. ஒரே கைதட்டல்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும் தமிழில் அடித்துப் பார்த்தாள். விகடகவி. தெனாலிராமன் கதை கேட்ட எந்தக் குழந்தைக்கும் தெரியும், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அது விகடகவிதான். திரையில் ‘இல்லை’ என்று வந்தது. திரும்ப அடித்தாள். ‘இல்லை.’ புரோகிராமை மொத்தமாக அழித்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னம்மா, முடிச்சிட்டியா?”

“வரலைண்ணே. நான்தான் எங்கயோ தப்பாப் போட்டுட்டேன்.”

அவள் போட்டதில் ஒரு தப்பும் இல்லை. அது அவனுக்கு ராத்திரிதான் தெரிந்தது.

எல்லாரும் தூங்கிய பிறகு அதே நாலு வரியை அடித்துப் பார்த்தான். விகடகவி, இல்லை. மாமா, இல்லை. பாப்பா, இல்லை. சலித்துப்போய் ராசிபலனில் பார்த்த ‘கடக’ என்று அடித்தான். ‘ஆம்’ என்றது. கடக ராசிக்கு மட்டும் என்ன யோகம்? அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. ‘கடக’வில் காலும் இல்லை, கொக்கியும் இல்லை, புள்ளியும் இல்லை. கம்ப்யூட்டர் இடறி விழுவது அந்த ஒட்டுகளில்தான்.

சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் கூட்டாளிக்கு உடனே போன் போட்டான். கூடப் படித்தவன், கம்பைலர் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவன்.

“மாப்ள, விகடகவியில எத்தனை எழுத்து?”

“மணி பன்னெண்டாகுதுடா. அஞ்சு.”

“பைத்தான் ஏழுங்குது.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரிப்பு. “ஆமா மாப்ள. ‘வி’ நமக்கு ஒரு எழுத்து. அதுக்கு ரெண்டு. ‘வ’ தனி, கொக்கி தனி.”

விஷயம் இதுதான். இன்று போனிலும் கம்ப்யூட்டரிலும் நாம் அடிக்கும் தமிழ், யூனிகோட் என்ற முறையில் சேமிக்கப்படுகிறது. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அச்சாக 1988-ல் வந்த ‘இஸ்கி’ என்ற முறையைப் பின்பற்றி அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. நம் எழுத்துகளோ 247. அதனால் உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது. ‘க’ ஒரு எண், கால் ஒரு எண், இரண்டும் சேர்ந்தால் திரையில் ‘கா’. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு.

ஆனையூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் ஆ, னை, யூ, ர் என்று 4 எழுத்து. யூனிகோட் கணக்கில் 7. ஃபைலில் போய் உட்காரும்போது 21 பைட். (ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், தமிழுக்கு மூன்று.) ஊர்ப் பெயரைத் திருப்பிப் போடச் சொன்னால் ‘ர்யூனைஆ’ என்று வர வேண்டும். வருவதோ, முதலில் அநாதையாக ஒரு புள்ளி, பின்னால் ‘ரூயைனஆ’. ‘யூ’வில் இருந்த ஒட்டு ‘ர’வோடு போய்விட்டது, ‘னை’யின் கொம்பு ‘ய’வுக்கு மாறிவிட்டது. கல்யாண மண்டபத்தில் செருப்பு மாறிய கதைதான்.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கும் ‘டேஸ்-16’ என்ற முறையும் உண்டு. 2010-ல் யூனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு அதையும் ஏற்றது. ஆனால் உலகம் முழுக்க போன்களில் இருப்பது யூனிகோட்தான். இனி அதோடுதான் குடித்தனம்.

இத்தனைக்கும் இந்த விளையாட்டு நமக்குப் புதிதே இல்லை. திருப்பிப் படித்தாலும் அதேபோல வரும் பாட்டுக்கு ‘மாலைமாற்று’ என்று பெயர் வைத்து, திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அவர் எண்ணியது எழுத்தை. காலையும் கொம்பையும் கழற்றி எண்ணவில்லை.

மறுநாளிலிருந்து ராத்திரி ஒன்பதரைக்கு மேல் இரண்டு பேருக்கும் போனில் இதே பேச்சு. திருப்பிப் போடும் புரோகிராமுக்கு மருந்து சுலபமாகக் கிடைத்துவிட்டது. ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. சொல்லைக் கொடுத்தால் நாம் எண்ணுகிற மாதிரியே எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுத்துவிடும். அதைச் சேர்த்ததும் விகடகவி பாஸ்.

அந்தத் தொகுப்பு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் ‘எழில்’ கிடைத்தது. அமெரிக்காவில் வசிக்கும் முத்தையா அண்ணாமலை 2007-ல் தொடங்கிய தமிழ் நிரல் மொழி அது. 2013-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியானது. கட்டளைகளே தமிழில் இருக்கும். ஆங்கில ‘பிரின்ட்’டுக்கு ‘பதிப்பி’, திரும்பத் திரும்பச் செய்ய ‘வரை’, முடிந்தால் ‘முடி’. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். ஹோட்டல் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி இருந்தது இருவருக்கும்.

சரியாகச் சொன்னால் எழில் கம்பைலர் இல்லை, இன்டர்பிரட்டர். புத்தகம் முழுவதையும் மொழிபெயர்த்துக் கையில் கொடுப்பவர் கம்பைலர். தலைவர் ஒவ்வொரு வாக்கியமாகப் பேசப் பேச, பக்கத்தில் நின்று மேடையிலேயே தமிழில் சொல்பவர் இன்டர்பிரட்டர். ஆனால் இரண்டு பேருக்கும் முதல் வேலை ஒன்றுதான். வந்த வரியைப் பதம் பிரிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பழைய செய்யுளைப் பதம் பிரித்துத்தானே பொருள் சொல்வார்கள்? அதேதான். எது கட்டளை, எது பெயர், எது எண் என்று சொல் சொல்லாகப் பிரித்தால்தான் அடுத்த வேலை. ‘எழுத்து தொடர்ந்து வரும் வரை ஒரே சொல்’ என்பது சாதாரண விதி. பைத்தானில் அதற்கு ரெடிமேடாக ஒரு குறியீடும் இருக்கிறது. கூட்டாளி அதில் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தான். ‘தம’ ஒரு சொல், ‘ழ’ இன்னொரு சொல் என்று வெட்டித் தந்தது. கொக்கியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை.

“தமிழையே ரெண்டா வெட்டிருச்சு மாப்ள.”

“விதியை நம்மளே எழுதணும்டா. வேற வழியில்லை.”

எழுதினார்கள். அடுத்த வம்பு வந்தது. ‘கோழி’ என்று ஒரு பெயர் வைத்து, கீழே அதே பெயரைப் பயன்படுத்தினால், ‘அப்படி ஒன்று இல்லை’ என்கிறது. இரண்டும் கண்ணுக்கு அச்சு அசல் ஒன்று. காரணம், ஒன்று கீபோர்டில் அடித்தது, இன்னொன்று பழைய ஃபான்டிலிருந்து மாற்றி ஒட்டியது. ‘கோ’வை ‘க’ போட்டு ஒரே ஒட்டாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடே சொல்கிறது, ஆனால் பதம் பிரிப்பதற்கு முன்னால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலையை யாராவது செய்ய வேண்டும். இதையும் சரிசெய்தார்கள்.

ஔவையாரிடம் தோற்றார்கள். பாதிப் பேர் ‘ஔ’வை ஒற்றை எழுத்தாக அடிப்பதில்லை. ‘ஒ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுகிறார்கள். இதைத் தானாகத் திருத்தச் சொன்னால், ‘ஒளி’ என்ற நல்ல சொல்லும் சேர்ந்து கெட்டுவிடும். பாட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

எழுத்துக்கு அடுத்தது இலக்கணம். ஆங்கிலத்தில் ‘இஃப்’ முதலிலேயே வந்துவிடும், நிபந்தனை வரப்போகிறது என்று கம்பைலருக்கு அப்போதே தெரிந்துவிடும். தமிழில் ‘மார்க் 35-க்கு மேல இருந்தா’ என்று கடைசியில்தான் சங்கதி வெளியே வரும். இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வரும் மெஷினுக்கு, அதுவரை இது எந்த வகை வாக்கியம் என்றே புரியாது. எழிலில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்:

@( மார்க் >= 35 ) ஆனால்
பதிப்பி "பாஸ்"
இல்லை
பதிப்பி "மறுபடி எழுது"
முடி

முன்னால் நிற்கும் அந்த @ குறிதான், ‘பொறு, விஷயம் பின்னால் வருகிறது’ என்று மெஷினுக்குச் சொல்லும் சைகை. வார்த்தைகளை மட்டும் மாற்றியிருந்தால் ‘ஆனால்’ முன்னால் வந்து, தமிழ் எழுத்தில் ஆங்கிலம் பேசியிருக்கும். தமிழ் வாக்கியத்தின் நடையை விட்டுக்கொடுக்காததற்காகவே எழிலைப் பாராட்டலாம்.

கம்பைலருக்கு ஆங்கிலம்தான் தெரியும் என்பது இயற்கை விதி ஒன்றும் இல்லை. கம்பைலருக்கு வழிபோட்டவர்களில் ஒருவரான கிரேஸ் ஹாப்பர் 1950-களிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார். ஆங்கிலக் கட்டளையில் ஓடிய புரோகிராமை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஓட்டிக் காட்டினார். கம்பெனி மேலிடம் ஆடிப்போய்விட்டதாம். அமெரிக்காவில் செய்த மெஷினாவது, பிரெஞ்சு புரிந்துகொள்வதாவது! கடைசியில், ஆங்கிலத்தில் மட்டுமே செய்கிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. 1978-ல் ஒரு மேடையில் அவரே சொன்ன கதை இது.

இதைச் சொன்னதும் கூட்டாளி விடவில்லை. “கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்டர்வியூவுல எழில் தெரியுமான்னு எவனும் கேட்க மாட்டான். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்லயே சொல்லிக்குடு. மொத்தமே முப்பது நாப்பது வார்த்தை. மனப்பாடம் பண்ணிட்டுப் போறாங்க.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. முப்பது ஆங்கிலச் சொல் எந்தப் பிள்ளையையும் தடுக்காது. பஸ்ஸும் ரீசார்ஜும் படித்த மாதிரி அதையும் படித்துவிடும். மொட்டை மாடிக்காரன் பதில் சொல்ல இரண்டு நாள் ஆனது.

“கட்டளை இங்கிலீஷ்ல இருக்கட்டும் மாப்ள. திட்டுறது தமிழ்ல இருக்கணும்.”

எரர் மெசேஜைத்தான் சொன்னான். புரோகிராமில் தப்பு வந்தால் சிவப்பில் நாலு வரி வரும். எங்கே தப்பு, என்ன தப்பு என்று அதில்தான் இருக்கும். கட்டளையை மனப்பாடம் செய்யலாம், திட்டை எப்படி மனப்பாடம் செய்வது? ஒவ்வொரு முறையும் அது புதிதாக வரும். ஆங்கில மீடியத்துப் பையன் அதைப் படித்துத் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறான். தமிழ் மீடியத்துப் பெண் சிவப்பைப் பார்க்கிறாள், தனக்கு அறிவில்லை என்று நினைத்து அழித்துவிடுகிறாள். அன்றைக்கு விகடகவிக்கு நடந்ததும் அதுதான். மெஷினின் குறையைத் தன் குறையாக எடுத்துக்கொண்டாள்.

‘ஜிசிசி’ என்ற புகழ்பெற்ற ஓப்பன் சோர்ஸ் கம்பைலர், ஜெர்மன்காரருக்கு ஜெர்மனிலும் ஜப்பானியருக்கு ஜப்பானிய மொழியிலும் தப்பைச் சொல்லிக் கொடுக்கும். தன்னார்வலர்கள் வரி வரியாக மொழிபெயர்த்துக் கொடுத்ததால் வந்த வசதி.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் பிள்ளைகள் அதிகம் செய்யும் பத்து தப்புகளுக்குத் தமிழில் திட்டு எழுதினார்கள். புரோகிராமிங்கை விட இதற்குத்தான் அதிக சண்டை. ‘எதிர்பாராத குறியீடு’ என்று கூட்டாளி எழுதியதைப் படித்துவிட்டு, “இது தமிழா, கெஜட்டா?” என்று கேட்டான் இவன். இறுதியில் நின்றது: ‘4-ம் வரியில் அடைப்புக்குறியைத் திறந்தீர்கள், மூடவில்லை.’ பிள்ளைகளிடம் ‘நீங்கள்’ என்று பேச வேண்டுமா என்று ஒரு நாள் ஓடியது. ‘நீ’ என்றால் வாத்தியார் அதட்டுவது போல இருக்கிறது என்று ‘நீங்கள்’ ஜெயித்தது.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவது போல வந்தாள். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான். விகடகவி அடித்தாள். ‘ஆம்.’ மாமா, பாப்பா. ‘ஆம்’, ‘ஆம்’.

“என்னண்ணே பண்ணீங்க?”

“உன் புரோகிராம் அன்னைக்கே சரிம்மா. அதுக்குத்தான் தமிழ் எண்ணத் தெரியலை.”

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டல் வந்தது, தொடவில்லை. எழுத்தை எண்ணும் புரோகிராமைத் திறந்து வரிசையாக எல்லார் பெயரையும் அடிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த தோழியின் பெயர் ‘ஸ்ரீ’யில் தொடங்கும். அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏண்ணே, ‘ஸ்ரீ’ ஒரு எழுத்தா, ரெண்டா?”

அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான். போனை எடுத்தான்.

“மாப்ள, தூங்குறியா?”