எறிந்த குப்பி
சென்ற மழைக்காலத்தில், போர்ட் பிளேயரில், என் வலக்கண் சிவந்து வெளிச்சம் கூசியது. கான்டாக்ட் லென்ஸையும் கரைசல் குப்பியையும் குப்பையில் எறிந்துவிட்டு மருத்துவரிடம் ஓடினேன். கருவிழியில் பூஞ்சைப் புண் என்றார். பார்வை பிழைத்தது.

2006-இல் ஃபியூசேரியம் பூஞ்சைத் தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்ட 'ரெனு மாய்ஸ்சர்லாக்' கரைசலை, பாஷ் அண்ட் லாம் நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றது. குறையுள்ள பொருளால் தீங்குற்றவர், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இழப்பீடு கோரலாம்; கடல் கடக்க வேண்டியதில்லை. ஆனால், பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர்மீது வழக்கு நிற்காது.

நானோ லென்ஸ் பெட்டியைக் குழாய்நீரில் கழுவியவள். பிழை கரைசலினதா, என்னுடையதா? ஆய்ந்து சொல்லியிருக்கக்கூடிய சாட்சியை நானே எறிந்துவிட்டேன். கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். லென்ஸ், பெட்டி, குப்பி, ரசீது எதையும் எறியாதீர்கள்.