விண்ணப்பத்தில் இல்லாத பெயர்

2019இல், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு வாரம் ஜப்பானுக்குப் போய்வந்தேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் பிள்ளை நான்தான் என்று அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த யோசனை என் அக்காவுடையது. அதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்று, அப்பாவின் குழித்தறியில் பக்கத்து ஆளாக உட்கார்ந்தாள். கோர்வைச் சேலை நெய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலின் ஊடை, அதாவது குறுக்கு இழை, கரை தொடங்கும் இடத்தில் நின்று, கரை ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்கு ஊடையை ஏந்தி ஓடும் நாடா மூன்று வேண்டும். உடலையும் ஒரு கரையையும் நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். மறு கரைக்கு இன்னோர் ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே வீட்டுப் பிள்ளை. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தாலே ஆறு கஜத்துக்கு ஏறக்குறைய 13,000 தடவை அந்தச் சின்ன நாடா கரையைக் கடக்க வேண்டும். இந்தக் கணக்கை நான் போட்டது பெரியவனான பிறகு. சின்ன வயதில் அது எனக்குத் தறிச் சத்தம் மட்டும்தான்.

இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாகச் சிக்கிய சிறுவர்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அக்கா யாரிடமும் கொத்தடிமையாக இல்லை. சொந்தத் தறி, சொந்த அப்பா. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் குடும்பத்தாரோடு சேர்ந்து பிள்ளை செய்யும் வேலையைத் தடுக்கவில்லை. ஆனாலும் அவள் உட்கார்ந்ததால்தான் நான் உட்காராமல் பள்ளிக்கூடம் போனேன்.

ஒன்பதாம் வகுப்பில், பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு யோசனை கேட்டார்கள். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருவார்கள். பிறகு மாவட்டம், மாநிலம், தேசம் என்று கண்காட்சி. "உங்க வீட்டுத் தறியில என்ன கஷ்டம் இருக்குன்னு பாருடா" என்றார் அறிவியல் சார். பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. தோள்வலி தாங்காத ஒரு மழைக்காலத்தில், உடைந்த குடைக்கம்பியையும் சைக்கிள் டியூப் துண்டையும் வைத்து, கயிற்றை இழுத்தால் கரை நாடாவைத் தள்ளிவிடுகிற ஒரு சாமானை அக்கா கட்டியிருந்தாள். இரண்டு நாள் ஓட்டினாள். இழை அறுந்தது; அப்பா கழற்றச் சொல்லிவிட்டார். அது பரணில் கிடந்தது.

அதையே நான் பிளைவுட்டில் செய்தேன். பருத்தி நூல் கட்டிய சின்னத் தறியில் அது அழகாக ஓடியது. எழுதிக் கொடுத்த தாளில், எங்கள் ஊர் நெசவாளர்களின் சிரமத்தைக் கண்டு இந்த யோசனை தோன்றியது என்று எழுதினேன். நெசவாளர்கள் என்ற பன்மைக்குள் அக்காவை ஒளித்துவிட்டேன். அன்று அது எனக்குத் திருட்டாகப் படவில்லை.

இன்ஸ்பயர் விருது பெற்ற பிள்ளைகளில் சிலரை ஜப்பான் தன் செலவில் அழைத்துப்போகிறது. சகுரா சயின்ஸ் என்று பெயர். 2014இல் அங்கே தொடங்கிய திட்டம். டோக்கியோவில் மிராய்கான் அருங்காட்சியகத்தில் கூரையிலிருந்து தொங்கிய ஒளிரும் பூமி உருண்டையைக் கழுத்து வலிக்கப் பார்த்தேன். நிமிடம் தவறாத ரயில்களைப் பார்த்தேன். மனதில் தங்கியவை அவை அல்ல.

ஒரு நாள் அவரவர் மாதிரியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வயதான பேராசிரியர் ஒருவர் தறி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். டொயோட்டா என்றால் உங்களுக்குக் கார்தானே தெரியும் என்று தொடங்கி, சகிச்சி டொயோடாவைப் பற்றிச் சொன்னார். தச்சர் மகன். தாய் தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். இரண்டு கையால் ஓட்ட வேண்டிய தறியை ஒரு கையால் ஓட்டும்படி 1890இல் மரத்தறி ஒன்றைச் செய்தார். 1924இல் ஓட்டம் நிற்காமல் நாடா மாற்றும் தானியங்கித் தறி வந்தது. கார் அதற்கெல்லாம் பிறகுதான். சொல்லி முடித்துவிட்டு என்னைக் கேட்டார்: "உன் வீட்டில் இதை ஓட்டுகிறவர் என்ன சொன்னார்?"

எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றேன். கைதட்டினார்கள். நான் செய்த மாதிரியை ஒரு நெசவாளர்கூடத் தொட்டதில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு இன்னொன்றும் படித்தேன். ஜப்பானின் கியோட்டோ மாகாண நிர்வாகம் 1872இல் அங்குள்ள நிஷிஜின் பட்டுத் தறிக்காரர்கள் மூன்று பேரைப் பிரான்சின் லியோன் நகருக்குப் படிக்க அனுப்பியது. இரண்டு பேர், பூ வேலைக்கு இழைகளைத் தூக்கிக் கொடுக்கும் ஜக்கார்டு கருவியோடு ஊர் திரும்பினார்கள். மூன்றாமவர் யோஷிடா சூஷிச்சி, 1874இல் ஜப்பானை நெருங்கும்போது கப்பல் மூழ்கி இறந்துபோனார். எங்கள் தறியின் தலைமேல் இருப்பதும் அதே ஜக்கார்டு பெட்டிதான். அங்கே தறி தெரிந்தவர்களைக் கடல் கடந்து அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் தறி தெரிந்தவள் வீட்டிலேயே இருந்தாள். தெரியாத நான் போனேன்.

ஜப்பானிலிருந்து ஊருக்கு வந்த மூன்றாம் நாள், அக்கா நாடாவுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவள் யோசனையைத்தான் என்னுடையதாகக் காட்டினேன் என்று சொன்னேன். அவள் ராட்டையை நிறுத்தவில்லை.

"தெரியும்டா. நீ பலகை அறுக்கும்போதே பாத்துட்டேன்."

"ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"டியூப்பு இழுவை ஒரே மாதிரி இருக்காது, மழைக்கு ஒண்ணு வெயிலுக்கு ஒண்ணுன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். கரைய இறுக்குனா சேலை சுருங்கும், விட்டா சந்து தெரியும். அது கைக்குத்தான் தெரியும். நீ கேக்கவே இல்லியே."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்திருக்கிறேன். அக்காவும் நானும் சேர்ந்து அந்தச் சாமானை மூன்று தடவை மாற்றிக் கட்டினோம். இழை அறுவது குறைந்திருக்கிறது. நாள் முழுக்க ஓட்டும் அளவுக்கு இன்னும் வரவில்லை. இந்தக் கட்டுரையில் பெயரைப் போடட்டுமா என்று இந்த முறை அவளைக் கேட்டேன். வேண்டாம் என்றாள். அதனால் போடவில்லை.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தறி வீட்டிலிருந்தோ, வயல் வீட்டிலிருந்தோ, படகு வீட்டிலிருந்தோ ஒரு பிள்ளை யோசனையோடு வந்து நின்றால், அது யார் கையில் பிறந்தது என்று ஒரு தடவை கேளுங்கள். அம்மா என்றோ அக்கா என்றோ சொன்னால், அந்தப் பெயரையும் தாளில் எழுத வையுங்கள்.