துரியோதனன் மண்

துரியோதனனை நான் கால்மாட்டிலிருந்துதான் முதலில் பார்த்தேன். ஒவ்வொரு பாதமும் என் இடுப்பு உயரம். ஏரியிலிருந்து வண்டி வண்டியாகக் களிமண் அடித்துக் குழைத்து, மல்லாக்கப் படுத்த வாக்கில் அவனைச் செய்து போட்டிருந்தார்கள். தலைமாட்டுக்குப் போக நான் முப்பது எட்டு வைக்க வேண்டியிருந்தது. மார்பில் மஞ்சளும் நீலமும் பூசி, மீசைக்குக் கரி தீட்டியிருந்தார்கள். தொடைக்குள் ஒரு கலயம் புதைந்திருப்பதும், அதில் குங்குமம் கரைத்த தண்ணீர் இருப்பதும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

1986, வைகாசி மாதம். எனக்குப் பத்து வயது. வீடு கம்மாபுரத்தில், பாரதம் வைத்தது பக்கத்துச் சிற்றூரின் துரோபதை அம்மன் கோயிலில். முந்திரிக்கொட்டை பொறுக்கி முடிந்து கொல்லைகளில் வேலை ஓய்ந்திருக்கும் நேரம் அது. மத்தியானம் பிரசங்கம், ராத்திரி கூத்து. ஆயா ஒரு நாள் விட மாட்டாள். இடுப்பில் சுருட்டிய கோரைப்பாய், முந்தானையில் பொரிகடலை, கையில் நான். வடகிழக்கே நெய்வேலி வானம் விடிய விடியச் செம்மஞ்சளாகக் கிடக்கும். அப்பாவுக்கு அங்கே மைன்ஸில் வேலை. நைட்டு ஷிப்ட் முடித்து வரும்போது வீட்டுக்குப் போகாமல் சைக்கிளைக் கூத்துக்களத்துக்கே ஓட்டி வந்துவிடுவார். அவர் வரும்போது கூத்து மங்களம் பாடும் கட்டத்தில் இருக்கும். நான் பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருப்பேன்.

கிளை நூலகத்திலிருந்து வில்லிபாரதம் எடுத்து வந்து படிப்பவர் அப்பா. வில்லிபுத்தூரார் நம் நடுநாட்டுக்காரர், திருமுனைப்பாடியில் சனியூரில் பிறந்தவர் என்று சொல்லும்போது பக்கத்துத் தெரு ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். அந்த நாலாயிரத்துச் சொச்சம் பாட்டும் அறுநூறு வருஷம் பழையவை என்பதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதற்கும் எழுநூறு வருஷம் முன்பு, பல்லவன் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேட்டிலேயே மண்டபத்தில் பாரதம் படிக்க மானியம் விட்ட செய்தி இருப்பதைக் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். ஆயாவின் கோரைப்பாய் அத்தனை நீளம்.

துகிலுரிதல் அன்றைக்கு நான் தூங்கவில்லை. துரியோதனன் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போதே பந்தல் அதிரும். திரை விலகினால் கிரீடமும் புஜக்கட்டையும் கண்ணாடிச் சில்லும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வாரி அடிக்கும். அவர் சுழன்று ஆடுகிறபோது எங்களுக்கெல்லாம் துரியோதனனாக வேண்டும் என்றுதான் இருக்கும். தருமராக வேண்டும் என்று ஒரு பையனும் சொன்னதில்லை. அன்று துச்சாதனன் துரோபதையின் முந்தானையைத் தொடப் போனவர் சட்டென்று நின்றுவிட்டார். மேளம் நின்றது. கற்பூரம் கொளுத்தி, அம்மன் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டு, வேஷம் கட்டின பாவத்துக்குச் செய்கிறேன், தாயே பொறுத்துக்கொள் என்று கண்ணீரோடு கேட்டார். பிறகு மறுபடி துச்சாதனனாகி, பல்லைக் கடித்துக்கொண்டு முந்தானையைப் பிடித்தார். ஒரே ஆள், ஒரே நிமிஷத்தில். குற்றம் செய்கிறவனுக்குள் இன்னொருவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கும் முன்பே அங்கே கண்ணால் பார்த்தேன்.

பிரசங்கம் செய்ய வந்தவர் ஒல்லியான மனிதர். தோளில் துண்டு, மடியில் தாளம். பாட்டை ராகம் போட்டுப் பாடுவார், பிறகு அதை எங்கள் பேச்சில் உடைத்துச் சொல்வார். நடுவில் தாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைக் கேள்வி கேட்பார். ஒரு மத்தியானம் கேட்டார்: “துரியோதனன் கெட்டவனாவே பொறந்தானா, கெட்டவனா ஆனானா?”

பந்தலில் கசமுசா. பொறக்கும்போதே நரி ஊளையிட்டுதே என்றார் ஒருவர். சகுனிதான் கெடுத்தான் என்றார் வெற்றிலை மென்றபடி இன்னொருவர். பிரசங்கியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பிறகு காந்தாரியின் வயிற்றுக்குப் போனார். குந்திக்குப் பிள்ளை பிறந்த சேதி கேட்டதும் பொறாமையில் அவள் தன் வயிற்றிலேயே அடித்துக்கொண்டாள், பிண்டம் விழுந்தது, அதைப் பங்கு போட்டுக் கும்பங்களில் வைத்து நூறும் ஒரு பெண்ணும் பிறந்தார்கள். “அடி வாங்கிட்டுப் பொறந்த புள்ள அவன்” என்றார். அப்புறம் திருதராட்டிரன். மூத்தவன். கண் இல்லை என்பதால் பட்டம் தம்பிக்குப் போயிற்று. “அப்பனுக்குக் கண்ணு இல்ல, சரி. மவனுக்கு ரெண்டு கண்ணும் இருக்கே, அவனுக்கு ஏன் இல்லைன்னு அவன் கேக்க மாட்டானா?” பந்தலில் பலர் தலை ஆடியது. அங்கே இருந்த பெரும்பாலோர் பங்காளி வழக்குப் பார்த்தவர்கள்.

எங்கள் வீட்டிலும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா இறந்துபோயிருந்தார். தாத்தாவின் அண்ணன், எங்களுக்குப் பெரிய தாத்தா, பொதுக்கிணற்றின் மோட்டார் கொட்டாய்ச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு எங்களுக்குத் தண்ணீர் முறை விடவில்லை. எங்கள் அரைக் காணி இரண்டு போகமாகத் தரிசு. ஆயா அவரைப் பெயர் சொல்ல மாட்டாள், எதிரில் நிற்கவும் மாட்டாள். அவளுக்கு அவர் மூத்தார். கிருஷ்ணன் தூது கூத்தன்று, ஐந்து ஊராவது கொடு என்று கண்ணன் கேட்க, துரியோதனன் மறுத்தான். வியாசர் ஊசிமுனை அளவு என்று சொன்னதை வில்லியார் ஈ உட்காரும் இடம் என்று ஆக்கிவிட்டார். கூத்திலும் அந்த ஈதான் வரும். கூட்டத்தில் யாரோ “த்தூ” என்றார்கள். ஆயா என் காதில், “பெரிய வூட்டு நாயம் மாதிரியே இருக்கு பாரு” என்றாள். எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து துரியோதனனுக்குப் பெரிய தாத்தாவின் மீசை முளைத்துவிட்டது.

ஆனால் பிரசங்கியார் என்னை நிம்மதியாக வெறுக்க விடவில்லை. மறுநாள் கர்ணனைச் சொன்னார். பானுமதியும் கர்ணனும் சொக்கட்டான் ஆடுகிறார்கள். துரியோதனன் வருவதைப் பார்த்து அவள் எழுந்திருக்க, தோற்று ஓடுகிறாள் என்று நினைத்துக் கர்ணன் எட்டிப் பிடிக்க, அவள் மேகலை அறுந்து முத்து உருண்டு ஓடுகிறது. உள்ளே வந்த புருஷன் வாளை உருவவில்லை. குனிந்து, முத்தைப் பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா என்று கேட்கிறான். பந்தலில் பெண்கள் பக்கம் மூச்சுச் சத்தம் இல்லை. இந்தக் கதை வியாசர் எழுதியதில் கிடையாது. வில்லியார் இதைக் கர்ணன் வாயாலேயே குந்தியிடம் சொல்ல வைத்தார்; பெற்ற தாயே வந்து கூப்பிட்டும் அவன் போகாததற்கு அந்த முத்துகள்தான் காரணம்.

இதே ஆளா துரோபதையைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னான்? அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். அவர் நைட்டு ஷிப்டுக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கட்டிக்கொண்டிருந்தார். மாய மண்டபத்தில் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுந்தானே, அப்போது துரோபதை சிரித்தாள், அந்தச் சிரிப்புதான் என்றார். “அப்ப அவன் செஞ்சது சரியா?” “காரணம் வேறடா, நாயம் வேற.” சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் நடுவில் சொல்லிவிடுகிறேன். புனே பண்டார்கர் நிறுவனத்தார் நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு 1966இல் முடித்த பாரதச் செம்பதிப்பின் சபா பருவத்தில், மண்டபத்தில் அவன் விழுந்தபோது சிரித்தவர்கள் பீமன், அருச்சுனன், நகுல சகாதேவர், வேலையாட்கள். துரோபதை அங்கே சிரித்ததாகப் பேச்சே இல்லை. சில அத்தியாயம் தள்ளி, ஊருக்குத் திரும்பிய துரியோதனன் தகப்பனிடம் முறையிடும்போதுதான், துரோபதையும் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்று அவன் வாயால் வருகிறது. அவமானப்பட்டவன் வழியெல்லாம் அதை வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறான். நாட்டுக் கதைகள் அவன் சொன்னதை நம்பிவிட்டன, நாங்களும் நம்பினோம். ஒரு பெண்ணின் மேல் பாவம் இப்படித்தான் ஏறுகிறது. வியாசர் ஒரு வார்த்தை விளக்கவில்லை. இரண்டு இடத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். குணத்தை ஆராய்வது என்றால் அந்த வேலைதான் எனக்குத் தெரிந்த உச்சம்.

பெரிய தாத்தாவுக்கு வருகிறேன். அவரை நான் கெட்டவர் என்று முடிவு கட்டியிருந்த அதே பாரதத்தில், ஒரு நாள் பந்தலில் அன்னதானம் அவருடையது. தன் கொல்லையில் வேலை செய்த ஒருவரின் மகள் கல்யாணத்துக்குத் தாலிக்குப் பொன் கொடுத்தவரும் அவர்தான். அந்த ஆள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்லி அழுதார். பத்து வயதில் என்னால் இரண்டையும் சேர்க்க முடியவில்லை. இப்போது முடிகிறது. அரங்கேற்ற மைதானத்தில் உன் குலம் என்ன என்ற கேள்விக்குக் கர்ணன் தலைகுனிந்து நின்றபோது அங்க தேசத்தையே எழுதிக் கொடுத்தவன் துரியோதனன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவனே தன் சொந்தச் சிற்றப்பன் பிள்ளைகளுக்கு ஐந்து ஊர் கொடுக்க மாட்டேன் என்கிறான். கை தாழ்ந்து வாங்குகிறவனுக்கு நாடே கொடுக்கலாம், கொடுத்தவன் உயரம் கூடும். பங்கு என்று கேட்டு வருகிறவனுக்கு ஒரு பிடி கொடுத்தாலும் அவன் சரிசமமாக வந்து நின்றுவிடுவான். பெரிய தாத்தா எங்களுக்குத் தானமாகக் கொடுத்திருப்பார். ஆயா தானமாகக் கேட்கவில்லை, முறையாகக் கேட்டாள்.

படுகளத்தன்று வெயில் ஏறுவதற்குள் பீமனும் துரியோதனனும் மண் உருவத்தின் மேலேறி ஓடியும் குதித்தும் சண்டை போட்டார்கள். கதை தொடையில் இறங்கியது. கலயம் உடைந்து சிவப்பு வழிந்தது. துரோபதை வேஷக்காரர் அதைத் தொட்டுக் கூந்தலை முடித்தார். நாங்கள் பிள்ளைகள் கைதட்டிக் கூவினோம். கூவிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், ஆயா அழுகிறாள். துரியோதனன் தலைமாட்டில் காந்தாரி வேஷம் கட்டியவர் மாரில் அடித்து ஒப்பாரி வைக்க, சுற்றி உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நிஜச் சாவு வீட்டில் அழுவதுபோல.

“அவன் கெட்டவன்தானே, என்னாத்துக்கு ஆயா அழுவுற?”

“நூறு புள்ளையும் போச்சேடா அவளுக்கு.”

முந்தின நாள் பிரசங்கியார் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அசுவத்தாமன் ராத்திரியில் பாண்டவர் பிள்ளைகள் ஐவரையும் கொன்று, தலைகளைக் கொண்டுவந்து சாகக் கிடக்கும் துரியோதனனிடம் காட்டுகிறான். பகை தீர்ந்தது என்று அவன் மகிழவில்லை. பச்சைப் பிள்ளைகளைக் கொன்றுவிட்டாயே, குலத்துக்கு இனி யார் மிச்சம் என்று அழுகிறான். எல்லாம் தோற்றபின், கேட்க யாரும் இல்லாதபோது, அவனுக்குப் பங்காளி பிள்ளைகள் தன் பிள்ளைகளாகத் தெரிந்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது பிரசங்கியார் குரல் கம்மியது. தாளம் போடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

சடங்கு முடிந்ததும் கூட்டம் உருவத்தின் மேல் பாய்ந்தது. துரியோதனன் மண்ணை எடுத்துப் போய்க் குதிரில் போட்டால் நெல் குறையாது என்பது நம்பிக்கை. ஆயாவும் குனிந்து, தொடைப் பக்கத்து ஈர மண்ணை இரண்டு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். சாயங்காலம் தீமிதி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஒரு பிடியை எங்கள் குதிரில் போட்டாள். இன்னொரு பிடியை வாழை இலையில் மடித்து என் கையில் கொடுத்து, பெரிய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடு என்றாள்.

பெரிய தாத்தா திண்ணையில் சாய்ந்திருந்தார். இலையைப் பிரித்துப் பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. எழுந்து நின்று, மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோனார். கிணற்றுத் தண்ணீர் முறை அந்த வருஷமும் எங்களுக்கு வரவில்லை.