இறைச்சி எந்தக் கடையில் வாங்கியது?

காசில்லாதவனுக்கு நத்தாரைப் போல வசதியான பெருநாள் வேறில்லை என்பது என் அறைத்தோழனின் கட்சி. வெளிச்சம் தெருவில், பாட்டு கோயிலில், சாப்பாடு அடுத்தவன் வீட்டில். அவன் மட்டக்களப்புப் பறங்கி, சொல்ல உரிமையுள்ளவன். நான் மாவடிப்பள்ளிக்காரன். எங்கள் ஊர்ப் பெருநாள் வீட்டுக்குள் நடப்பது. தொழுகை முடிந்தால் வட்டிலப்பம், சின்னப் பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு, பிறகு சொந்தக்காரர் வீடுகள். அந்நியன் ஒருவன் வந்து தெருவில் நின்றால் பார்க்க எதுவுமில்லை.

2024 டிசம்பரில் ஊருக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. நவம்பர் 26 அன்று எங்கள் ஊர் வெள்ளத்தில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் இழுபட்டுப் போனது. அதற்குப் பிறகு உம்மாவுக்குத் தொலைபேசியில் வேறு கதை கிடையாது. “தண்ணிப் பக்கம் போகாத மகன்” என்று தொடங்கி அதிலேயே முடிப்பா. மட்டக்களப்பில் தண்ணிப் பக்கம் போகாமல் எங்கே போவது? புளியந்தீவே வாவிக்குள்தான் கிடக்கிறது.

இருபத்து நான்காம் திகதி பின்னேரம் வந்தாறுமூலை ஹொஸ்டலிலிருந்து இருவரும் பஸ் ஏறினோம். மாசக் கடைசி, என் பையில் ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்று. காந்திப் பூங்காவில் மின்குமிழ்கள் எரிந்தன. சந்திக்குச் சந்தி பாலன் குடில்கள், தூறல் படாமல் ‘தறப்பாள்’ கட்டியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் நடந்ததில் செலவானது இரண்டு பிளேன்ரீ மட்டும். நண்பனின் கட்சி எனக்குப் பிடித்துப் போனது.

கோயில் வாசலில் அந்த உற்சாகம் போய்விட்டது. பைகளைத் திறந்து பார்த்தார்கள். முன்னால் போன குடும்பத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் அடையாள அட்டையை வாங்கியவர் பெயரைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெயரைப் படித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, இதே நகரத்தின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் செத்தார்கள். ஐந்தாம் நாள் இராணுவம் சுற்றிவளைத்த வீடொன்றில் மறுபடி வெடித்தது சாய்ந்தமருதில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். காரணம் தெரிந்தாலும் வரிசையில் நிற்கிறவனுக்குக் காது சுடத்தான் செய்கிறது. உள்ளே போகலாம் என்று விட்டார்கள். நான் போகவில்லை. நள்ளிரவுப் பூசை முடியும்வரை மதிலோரம் முறைத்துக்கொண்டு நின்றேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, ரசிக்கக்கூடாது என்று பிடிவாதம்.

மறுநாள் மத்தியானம் நண்பன் வீட்டுக்கும் அந்த முறைப்போடுதான் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று காத்தான்குடியில் அரைக்கிலோ மஸ்கட் வாங்கியதில் தாளின் பெரும்பகுதி கரைந்தது. மேசையில் மஞ்சள் சோறு, பருப்பு, இறைச்சிக் கறி, கன்னங்கரேலென்று ஒரு கேக். அப்பம்மா ஒரு துண்டை என் பக்கம் தள்ளினார். நண்பனின் தகப்பன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“தம்பிக்குக் குடுக்காதீங்கம்மா, பிராண்டி ஊத்தின கேக்.”

“வெந்தாப் போயிடுமேடா.”

“வெந்த பொறகும் ஊத்தினீங்கதானே?”

அப்பம்மாவின் தங்கச்சி உள்ளேயிருந்து வந்து சேர்ந்துகொண்டார். சூடு ஏற ஏற, கிழவிகள் இருவரும் தமிழை விட்டுப் பறங்கிப் பாஷைக்குத் தாவினார்கள். 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்துப் போர்த்துக்கேயரை விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்களின் பாஷையோ இன்னும் இந்தச் சாப்பாட்டு மேசையில் கேக்குக்காகச் சண்டை பிடிக்கிறது. வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் நண்பனுக்கு அதில் வசைச்சொற்கள் மட்டும் விளங்குமாம். வெந்தால் பிராண்டி போகுமா என்று மருமகள் ஒருத்தி யூடியூப்பில் தேடினாள். எனக்குக் கேக் வேணுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேக் உள்ளே போனது. நான் சோற்றையும் பருப்பையும் பிசைந்துகொண்டிருந்தேன். அப்பம்மா கவனித்துவிட்டார்.

“இறச்சியத் தின்னு மகன். உங்கட ஆக்கள்ட கடையிலதான் வாங்கின. எத்தின வருசமா அவனிட்டத்தான்.”

அள்ளிப் போட்டுக்கொண்டேன். மிளகும் கறுவாவும் தூக்கலான கறி, உம்மாவின் கைப்பக்குவத்துக்குக் கிட்ட வந்தது. இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும்போது அவர் சொன்னார்:

“குண்டு வெடிச்சாப் பொறகு கொஞ்சக் காலம் வாங்கல்ல. மனசு ஏலாமப் போச்சி.”

நண்பன் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். வாசலில் என் பெயரை இரண்டு தரம் படித்தவர்மீது வந்த கோபம் இவர்மீது வரவில்லை. ஏனென்று அப்போது யோசிக்கவுமில்லை, வாயில் எலும்பு.

“பொறகு இவன் மத்தக் கடை இறச்சி நார் எண்டு நாளும் சண்டை. திரும்பிப் போனன். அவன் ஒண்டும் கேக்கல்ல. எலும்பு கொஞ்சம் கூடப் போட்டுத் தந்தான்.”

“கூடப் போட்டானா, நிறுவைக்குள்ள போட்டானா?” என்றார் மகன்.

அடுத்த வாக்குவாதம் ஆரம்பம். வராமல் இருந்தவர் வந்த சந்தோசத்தில் தந்த எலும்பு என்பது அப்பம்மாவின் வாதம். வராமல் இருந்ததற்குப் போட்ட தண்டம் என்பது மகனின் வாதம்.

பொழுதுபட யாரோ வயலின் எடுத்தார்கள். கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கான மெட்டு, கால் தானாக ஆடும். ஆனால் எட்டு மணிக்கெல்லாம் கதிரைகளை அடுக்கிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டேன். மறுநாள் 26, சுனாமி வந்து இருபது வருசம். இந்தக் குடும்பம் 2004 வரை கடலோர டச்பாரில் இருந்தது. அங்கே பறங்கியரில் பலரை அலை கொண்டுபோனது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போனவர்கள் தப்பினார்கள், முதல்நாள் ஆட்டத்தில் களைத்துப் படுத்திருந்தவர்கள் தப்பவில்லை என்று அப்பம்மா சொன்னார். காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம். அதற்கு முன் கடற்கரைக்குப் போய்ச் சேரவேணும்.

ஹொஸ்டலுக்கு வந்து உம்மாவுக்கு எடுத்தேன். தண்ணிப் பக்கம் போகவில்லை என்று பொய் சொன்னேன். நத்தாருக்குப் போனதை மறைக்கவில்லை. கோயில் வாசல் கதையைக் கேட்டு உம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்ன திண்ட என்று கேட்டா. இறைச்சி என்றதும், “எந்தக் கடையில வாங்கினதாம்?”

எல்லாவற்றையும் சொன்னேன், வாங்காமல் விட்டதையும் எலும்பையும் சேர்த்து.

“நிறுவைக்குள்ளதான் போட்டிருப்பான்” என்றா உம்மா, கொஞ்சமும் யோசிக்காமல். “நம்மட ஊர்க் கடைக்காரனும் அப்பிடித்தான் செய்யிற.”